கொடி எப்போது விழுந்தது?

காலில் முள் குத்தி, அதைக் கவனிக்காமல் விட்டால், மூணு நாலு நாளில் அந்த இடம் சிவந்து, வீங்கி, விண் விண் என்று தெறிக்க ஆரம்பிக்கும். அப்புறம் சீழ் கோத்துக்கொள்ளும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தச் சீழ் எங்கிருந்து வருகிறது? முள் கொண்டு வந்ததா? அந்த இடத்துச் சதையே அழுகிச் சீழானதா? இல்லை, உடம்பின் வேறு எங்கிருந்தோ பயணப்பட்டு வந்ததா?

சின்னக் கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. "எங்கிருந்து" என்பது தெரிந்த பிறகு, "எப்படி" என்பது தெரிய இன்னும் நூற்றி இருபது வருடம். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

"ஏம்பா, நீ படிச்சது பி.காம். பார்க்கிறது பேங்க் வேலை. உனக்கு எதுக்கு இந்த வெள்ளையணு ஆராய்ச்சி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் நடுவில் வருகிறது. அதுவரை கொஞ்சம் பொறுமை.

தவளை நாக்கில் தெரிந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மைக்ராஸ்கோப் நன்றாகத் தேறிவிட்டது. உயிரோடு இருக்கும் ஒரு பிராணியின் உடம்பில் ரத்தம் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் மெல்லிய, ஒளி ஊடுருவும் உறுப்பு வேண்டும். தவளைக்கு அந்த வசதி உண்டு. கால்விரல்களுக்கு நடுவே உள்ள ஜவ்வு, நாக்கு, வயிற்றுக்குள் குடலைத் தாங்கும் சவ்வு, தலைப்பிரட்டையின் வால். எல்லாமே கண்ணாடி மாதிரி.

1824ல் பிரான்சின் ஆன்றி டுட்ரோஷே தலைப்பிரட்டையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரத்தத்தில் ஓடிய சில உருண்டைகள் குழாயை விட்டு வெளியே வந்து பக்கத்துத் திசுவில் உட்கார்ந்துகொண்டதாக எழுதினார். 1839ல் ஜெர்மனியின் ருடால்ஃப் வாக்னர் இன்னொன்றைக் கவனித்தார். சிவப்பணுக்கள் குழாயின் நடுவில் ஆற்று வெள்ளம் போல ஓடுகின்றன. வெள்ளையணுக்களோ ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டு மெதுவாக உருண்டு போகின்றன. 1846ல் லண்டன் டாக்டர் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கை விரித்து வைத்துப் பார்த்து, வெள்ளையணுக்கள் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே வருவதைத் தெளிவாக விவரித்தார்.

இத்தனை பேர் பார்த்தும் விஷயம் எடுபடவில்லை. காரணம், எதிரே நின்றவர் ருடால்ஃப் விர்ஷோ. எல்லா செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது என்ற கொள்கையை நிலைநாட்டியவர். 1858ல் வந்த அவருடைய புத்தகம் நவீன நோய்க்குறியியலுக்கு அஸ்திவாரம். சீழில் இருக்கும் செல்கள் அந்த இடத்துத் திசுவின் செல்கள் பெருகிப் பிறந்தவை என்பது அவர் கட்சி. பெர்லினில் விர்ஷோ சொன்னால் அது சட்டம் மாதிரி.

மாணவன் சொன்ன மறுப்பு

அந்தச் சட்டத்தை உடைத்தவர் விர்ஷோவிடமே உதவியாளராக இருந்த ஒரு இளைஞர். பெயர் ஜூலியஸ் கோன்ஹைம். 1867ல் அவருக்கு வயது 28.

கோன்ஹைம் தவளைக்கு க்யூராரே என்ற அம்பு விஷத்தைக் கொடுத்து அசையாமல் படுக்க வைத்தார். வயிற்றைத் திறந்து குடல் சவ்வை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே விரித்தார். காற்றுப் பட்டதே சவ்வு எரிச்சலடையப் போதுமானது. அப்புறம் மணிக்கணக்கில் கண் எடுக்காமல் பார்த்தார். முதலில் குழாய்கள் விரிந்தன. ரத்த ஓட்டம் மந்தமானது. சிறிய சிரைகளின் உள்சுவரில் வெள்ளையணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு உள்ளே கூழாங்கல் பாவியது போல ஒரு வரிசை. பிறகு சுவரின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன மொட்டுகள். மொட்டு பெரிதாகி, காம்பு மெலிந்து, கடைசியில் முழு வெள்ளையணுவும் வெளியே நின்றது.

இதோடு அவர் விடவில்லை. தவளையின் உடம்புக்குள் நீலச் சாயத் துகள்களைச் செலுத்தினார். வெள்ளையணுக்கள் அந்தத் துகள்களை விழுங்கி நீலமாக அடையாளம் பெற்றன. அப்புறம் தவளையின் கண்ணின் கருவிழியைப் புண்ணாக்கினார். கருவிழிக்கு ரத்தக்குழாயே கிடையாது. ஆனாலும் புண்ணில் நீல செல்கள் வந்து சேர்ந்தன. அவை அங்கேயே பிறந்திருந்தால் நீலம் எப்படி வந்தது? (நோட்டில் மார்க் போட்டு விட்டு, அது எந்தக் கவுன்டரில் வெளியே வருகிறது என்று பார்ப்பது போல.)

அழகான விஷயம் என்னவென்றால், ஆசிரியரின் கருத்தை மறுக்கும் இந்தக் கட்டுரை வெளியானது அந்த ஆசிரியர் நடத்திய பத்திரிகையிலேயேதான். விர்ஷோவின் பெருந்தன்மைக்கு ஒரு சலாம்.

சீழ் எங்கிருந்து வருகிறது என்பது முடிந்தது. ஆனால் கோன்ஹைமுக்கு அடுத்த கேள்வி உறுத்தியது. வெள்ளையணு எப்போதும் ரத்தத்தில்தான் ஓடுகிறது. மற்ற நாளில் ஒட்டாதது, இன்று ஏன் ஒட்டுகிறது? 1873ல் அவர் சொன்ன பதில்: மாறியிருப்பது சுவர். அழற்சி என்றால் ரத்தக்குழாயின் சுவரில், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு அளவில், ஏதோ மாற்றம் நடந்திருக்கிறது. என்ன மாற்றம் என்று காட்ட அந்தக் காலத்தில் கருவி இல்லை. 1884ல், 45 வயதில், அவர் இறந்துபோனார்.

சுவரை எல்லோரும் மறந்தார்கள்

இதற்கிடையில் 1882ல், இத்தாலியின் மெசினா நகரில், ரஷ்யரான இலியா மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் லார்வாவில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. அந்தப் பிராணிக்கு ரத்தக்குழாயே இல்லை! ஆகவே ஹீரோ செல்தான், அது கிருமியைத் தேடிப் போய் விழுங்குகிறது என்றார். 1908ல் நோபல் பரிசு. வெளிச்சம் முழுவதும் வெள்ளையணு மேல் விழுந்தது. சுவர் வெறும் குழாயாகிவிட்டது, நம் வீட்டு பி.வி.சி. பைப் மாதிரி.

அந்த உள்சுவருக்கு எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஒரு செல் கனமுள்ள விரிப்பு. உடம்பில் இருக்கும் அத்தனை ரத்தக்குழாய்களுக்கும் உள்ளே இந்த விரிப்பு உண்டு. பெனிசிலினுக்காக 1945ல் நோபல் பரிசு பெற்ற ஹோவர்ட் ஃப்ளோரி 1966ல் இதைப் பற்றி எழுதும்போது, தன் காலத்தவர்கள் இதை ஒரு செலஃபேன் தாளாகத்தான் பார்த்து வந்தார்கள் என்ற பொருளில் குறிப்பிட்டார். ஃப்ளோரியும் அவருடைய ஆக்ஸ்ஃபோர்ட் சகாவான மார்ச்செசியும்தான் 1960 வாக்கில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், வெள்ளையணுக்கள் இந்த விரிப்பின் இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள இணைப்பு வழியாக நுழைவதைப் படமெடுத்தவர்கள்.

சுவர் சும்மா இல்லை என்பதற்குத் தடயங்கள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தன. முயலின் காதில் ஒளி ஊடுருவும் சின்ன ஜன்னல் பொருத்தி, வாரக்கணக்கில் ஒரே குழாயைப் பார்க்கும் முறை வந்திருந்தது. அமெரிக்காவில் எலியட் கிளார்க், எலினார் கிளார்க் தம்பதி 1935ல் இப்படிப் பார்த்து, ஒட்டும் தன்மை சுவரில் தோன்றுகிறது என்றார்கள். 1955ல் இதே முயல் காதில் சூடு வைத்துப் பார்த்த ஆய்வில், குழாயின் இரண்டு பக்கச் சுவர்களில் சூடு பட்ட இடத்துக்கு அருகில் இருந்த பக்கத்தில்தான் வெள்ளையணுக்கள் முதலில் ஒட்டின. ஒரே ரத்தம், ஒரே குழாய். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுகிறது என்றால், மாறியது எது? கோன்ஹைம் சொன்னதுதான்.

ஆனாலும் நிரூபணம் வேண்டுமே. அதற்குச் சுவரைத் தனியாக வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்க்க வேண்டும். 1973ல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபேயும் குழுவினரும் அதைச் செய்தார்கள். பிரசவம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடும் தொப்புள்கொடியை வாங்கி வந்து, அதில் ஓடும் பெரிய சிரையை அலசி, உள்சுவர் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். பாஸ்டனில் மைக்கேல் கிம்ப்ரோன் குழுவும் 1974ல் செய்தது. இன்று வரை உலகமெங்கும் ரத்தக்குழாய் ஆராய்ச்சியில் தொப்புள்கொடி செல்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

தொப்புள்கொடி இந்தக் கதையில் இரண்டாவது முறையும் வருகிறது. நான் உள்ளே நுழைந்த இடமும் அதுதான்.

ஆச்சி கேட்ட கேள்வி

மும்பையில் நாங்கள் இருப்பது முலுண்ட் பக்கம். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பில்டிங்கில் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி குடியிருந்தார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம், மாமா பெண். இரண்டாவது குழந்தை ஆண். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஊரில் உடம்பு சரியில்லாததால் அம்மாவால் பிரசவத்துக்கு வர முடியவில்லை. தினமும் போன் மட்டும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வி: "ஏட்டி, புள்ளைக்குக் கொடி விழுந்துட்டா?" கொடியை அடைத்து அரைஞாணில் கட்ட வெள்ளித் தாயத்து வாங்கி வைத்துக் காத்திருந்தார் ஆச்சி. பத்து நாள், இருபது நாள், முப்பது நாள். கொடி விழவில்லை.

ஒருவழியாக விழுந்தது. ஆனால் தொப்புள் ஆறவில்லை. காய்ச்சல், அப்புறம் காதில் புண், அப்புறம் ஆசனவாய்ப் பக்கத்தில் புண். எங்கேயும் சீழ் கோக்கவே இல்லை. அதுதான் விசித்திரம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வால்ட் நிறையப் பணம், கவுன்டரில் பட்டுவாடா இல்லை. எங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்ல முடியும்.

குழந்தையைப் பார்த்த ஒரு பெரிய டாக்டரம்மா முதலில் கேட்டது, "கொடி எப்போது விழுந்தது?" ராத்தூக்கம் இல்லாத அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அங்கேயே ஊருக்குப் போன் போட்டாள். ஆச்சி யோசிக்கக்கூட இல்லை. "முப்பத்தாறாம் நாளு. வெள்ளிக்கிழமை."

டாக்டரம்மா பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் தேசிய ரத்த நோயெதிர்ப்பியல் நிறுவனத்துக்கு ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த அப்பாவுக்குத் துணையாக லோக்கலில் நானும் போனேன். "அண்ணாச்சி, இது என்ன வியாதியா இருக்கும்?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எப்படித் தெரியும்? அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தவன்தான்.

தொப்புள்கொடி தானாகக் காய்ந்து விழுவதாக நாம் நினைக்கிறோம். கொடி உடம்போடு சேரும் இடத்துக்கு வெள்ளையணுக்கள் படையெடுத்து வந்து அந்த இணைப்பைக் கரைப்பதும் அதில் பெரிய பங்கு. பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். வெள்ளையணு வரவில்லை என்றால் கொடியும் விழாது.

1979ல் லண்டன் டாக்டர்கள் லான்செட் பத்திரிகையில் இதைத்தான் எழுதினார்கள்: கொடி தாமதமாக விழுவது, உடம்பெல்லாம் தொற்று, நகரத் தெரியாத வெள்ளையணுக்கள், இவை மூன்றும் ஒரே குடும்பத்துக் குழந்தைகளில் சேர்ந்து வந்தன. 1980ல் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு சிறுவனின் வெள்ளையணுக்களில் ஒரு புரதமே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதே சமயம் ஹார்வர்டில் டிமோதி ஸ்பிரிங்கர் என்ற விஞ்ஞானி, இந்த நோய்க்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வெள்ளையணுவின் மேற்பரப்பில் உள்ள ஒட்டும் புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தார். 1980களின் நடுவில் இரண்டு பாதைகளும் சந்தித்தன. அந்தக் குழந்தைகளிடம் இல்லாதது ஸ்பிரிங்கர் பட்டியலில் இருந்த புரதக் குடும்பமே. சி.டி.18 என்ற பொதுப்பகுதி பழுது. அது இல்லாமல் அந்தக் குடும்பத்தில் எதுவும் மேற்பரப்புக்கு வராது. இந்தப் புரதங்களுக்கு இன்டெக்ரின் என்று பெயர். நோய்க்கு வெள்ளையணு ஒட்டுக் குறைபாடு என்று பெயர். சுமார் பத்து லட்சம் பிறப்புக்கு ஒன்று என்பார்கள். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் வாய்ப்பு சற்று அதிகம்.

பரேலில் வந்த ரிசல்ட்: குழந்தையின் சி.டி.18 இரண்டு சதவீதத்துக்கும் கீழே. கடுமையான வகை. இந்த வகையில், எலும்பு மஜ்ஜை மாற்றாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இரண்டு சாவி

வங்கியில் ஸ்ட்ராங் ரூமை ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஜாயின்ட் கஸ்டடி. இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவி. உடம்பும் அப்படித்தான் வைத்திருக்கிறது. வெள்ளையணு நினைத்த இடத்தில் எல்லாம் குழாயை விட்டு வெளியேறினால் நம் உறுப்புகள் கதி என்னாவது? அது கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதங்கள் நம் சதையையும் கொல்லும்.

சுவரின் சாவியை 1985ல் பாஸ்டனில் மைக்கேல் பெவிலாக்வா குழுவினர் காட்டினார்கள். தொப்புள்கொடி சுவர் செல்களில், காய்ச்சல் காலத்தில் உடம்பு வெளியிடும் இன்டர்லூகின்-1 என்ற செய்திப் பொருளைத் தடவினார்கள். நாலு மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவிவிட்டு வெள்ளையணுக்களை ஊற்றினார்கள். அப்பிக்கொண்டன! செய்திப் பொருள் போய்விட்டது, வெள்ளையணுவும் புதிது. சுவர் தானே புதிதாக ஏதோ புரதத்தைத் தயாரித்து வாசலில் வைத்திருக்கிறது. கோன்ஹைமின் "மூலக்கூறு மாற்றம்" கைக்குச் சிக்கிவிட்டது, 112 வருடம் கழித்து. 1989ல் இந்த வகைப் புரதங்கள் மூன்றின் மரபணுக்களும் வாசிக்கப்பட்டன. செலக்டின் என்று பெயர் வந்தது.

1991ல் மைக்கேல் லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடித் தட்டில் செலக்டினை மட்டும் பூசி, ரத்த வேகத்தில் வெள்ளையணுக்களை ஓடவிட்டார்கள். அவை உருண்டன, ஆனால் நிற்கவில்லை. இன்டெக்ரின் பிடித்துக்கொள்ளும் சுவர்ப் புரதத்தை மட்டும் பூசினார்கள். ஓடும் செல்களால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டையும் பூசி, உசுப்பிவிடும் ரசாயனத்தையும் சேர்த்தார்கள். உருண்டன, நின்றன, கெட்டியாக ஒட்டின.

மும்பைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடும் லோக்கலில் இருந்து யாரும் நேராக இறங்குவதில்லை. முதலில் கூட்டத்தின் நடுவிலிருந்து கதவோரம் வர வேண்டும். கம்பியைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷன் பெயரைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கால் வைப்பது. கதவோரம் வருவது செலக்டின். ஸ்டேஷன் பெயர், சுவர் மேல் ஒட்டியிருக்கும் கீமோகைன் என்ற செய்திப் பொருள். கம்பியை இறுகப் பிடிப்பது இன்டெக்ரின். அந்தக் குழந்தையின் வெள்ளையணுக்கள் கதவோரம் வரை வந்து, பிடிக்கக் கை இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தன. ரத்தத்தில் நாற்பதாயிரம், புண்ணில் சுழியம்.

இன்டெக்ரின் சாதாரண நாளில் மடங்கிக் கிடக்கும். கீமோகைன் பட்டதும் செல்லுக்குள் ஒரு சிக்னல் ஓடி, உள்ளிருந்து அதன் அடிக்காம்பை உசுப்பி, நிமிர்த்தி நிற்க வைக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில். அப்படி உசுப்பும் கிண்ட்லின்-3 என்ற புரதம் பழுதானால், இன்டெக்ரின் இருந்தும் பயன் இல்லை. அதுவும் ஒரு தனி வகை நோய் என்று பின்னால் தெரிந்தது.

பரேலில் இன்னொரு முடிச்சு

1952ல் இதே கே.இ.எம். வளாகத்தில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் ஒரு விசித்திர ரத்த வகையைக் கண்டுபிடித்தார்கள். ஏ இல்லை, பி இல்லை, ஓ கூட இல்லை. பாம்பே குரூப் என்று உலகம் முழுக்க இன்றும் அதே பெயர்தான். ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை சிவப்பணுவின் மேல் சரியாக ஏறாததுதான் காரணம்.

1992ல் இஸ்ரேலில் அமோஸ் எட்சியோனி என்ற டாக்டரிடம் இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். அடிக்கடி தொற்று, எக்கச்சக்க வெள்ளையணு. ஆனால் இன்டெக்ரின் நன்றாகவே இருந்தது. ரத்த வகை பார்த்தால் பாம்பே! அவர்கள் உடம்பில் ஃப்யூகோஸ் எங்குமே சரியாக ஏறவில்லை. செலக்டின் கைபிடிப்பது அந்த சர்க்கரை சேர்ந்த ஒரு பொருளைத்தான். அது இல்லாததால் வெள்ளையணுக்களால் உருளவே முடியவில்லை. (சாதாரண பாம்பே குரூப்காரர்களுக்கு இந்த நோய் கிடையாது. அவர்களுக்கு வேறு மரபணுவில் வேறு மாற்றம். பயப்பட வேண்டாம்.) முதல் படி தவறினாலும் நோய், கடைசிப் படி தவறினாலும் நோய் என்று இயற்கையே சோதனை செய்து காட்டிய மாதிரி.

ஒட்டினால் சுவர் என்ன செய்கிறது?

வெள்ளையணு ஒட்டிவிட்டது. அப்புறம்? இடுக்கைக் கிழித்துக்கொண்டு நுழைகிறதா?

1993ல் நியூயார்க்கில் வந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. வெள்ளையணுக்கள் சுவரைக் கடக்கும்போது சுவர் செல்களுக்கு உள்ளே கால்சியம் உயர்கிறது. சரி, அந்தக் கால்சியம் உயராமல் தடுத்தால்? வெள்ளையணுக்கள் ஒட்டுவது ஒட்டின. ஆனால் கடக்க முடியவில்லை. வாசலில் நின்றுகொண்டே இருந்தன.

இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். வெள்ளையணு சுவரில் ஒட்டுவது வெறும் ஒட்டுதல் கிடையாது. அது கதவைத் தட்டுவது. வெள்ளையணு வந்து உட்கார்ந்ததும் அதன் அடியில் சுவரின் பிடிப்புப் புரதங்கள் ஒன்றுகூடுகின்றன. அவை கூடியதே சுவர் செல்லுக்குள் சிக்னல் ஆகிறது. கால்சியம் உயர்கிறது. அது ஒரு என்சைமை எழுப்புகிறது. செல்லுக்குள் இருக்கும் இழைகள், தசை சுருங்குவது போலவே சுருங்கி இழுக்கின்றன. பக்கத்துச் செல்லோடு பட்டன் போட்டது மாதிரி இணைத்திருந்த கேடரின் என்ற புரதம் தளர்கிறது. இடுக்கு திறக்கிறது. வெள்ளையணு உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொள்கிறது. 2000களில் எடுத்த படங்களில் இன்னும் ஆச்சரியம்: சுவர் செல் சின்னச் சின்ன விரல்களை நீட்டி, வெள்ளையணுவை ஒரு கிண்ணத்தில் ஏந்துவது போலச் சுற்றிப் பிடித்திருக்கிறது.

செலஃபேன் தாள் செய்கிற வேலையா இது?

கதவைச் சாத்தினால்

சாவி எது என்று தெரிந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயில், போகக் கூடாத வெள்ளையணுக்கள் மூளைக்குள் போய் நரம்புகளின் உறையைத் தின்கின்றன. 1992ல் ஒரு இன்டெக்ரினை அடைத்து எலிகளில் இதைத் தடுத்துக் காட்டினார்கள். அதிலிருந்து வந்த நடலிசுமாப் என்ற மருந்துக்கு 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி. மூணே மாதத்தில், 2005 பிப்ரவரியில், விற்பனையை நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு, நம்மில் பலரிடம் தூங்கிக் கிடக்கும் ஒரு வைரஸ் மூளையில் விழித்து நாசம் செய்தது. திருடனுக்குச் சாத்திய கதவு போலீசுக்கும் சாத்திக்கொண்டது. கடும் கண்காணிப்போடு 2006ல் திரும்பி வந்தது. சொரியாசிஸுக்காக 2003ல் வந்த எஃபலிசுமாப் இதே காரணத்தால் 2009ல் போனது, திரும்பவில்லை. அடுத்து வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2014ல் வந்த வெடோலிசுமாப் குடலின் வாசலை மட்டும் சாத்துகிறது.

2022ல் இன்டெக்ரின் கண்டுபிடிப்புக்காக ஸ்பிரிங்கருக்கும், ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாத்தி இருவருக்கும் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். கோன்ஹைம் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருப்பார்.

அந்தக் குழந்தை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. நாலில் ஒரு வாய்ப்பு, கிடைத்தது. தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாற்று சிகிச்சை. ஏழு மாதம் படாத பாடு. இன்று பையன் பள்ளிக்கூடம் போகிறான். முழங்காலில் அடிபட்டால் சீழ் வைக்கிறது என்று அவன் அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னாள். உலகத்திலேயே இதற்குச் சந்தோஷப்படும் அம்மா அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொருத்தமான அக்கா கிடைப்பதில்லை. குழந்தையின் சொந்த மஜ்ஜை செல்லிலேயே மரபணுவைத் திருத்தும் சிகிச்சையைச் சோதனை செய்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் குழந்தைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அது எட்ட வேண்டும்.

கடைசியாக, வெளி மாநிலங்களில் பெரியவர்கள் துணை இல்லாமல் பிள்ளை பெற்று வளர்க்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கொடி கொஞ்சம் தாமதமாக விழுந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே தொப்புளில் தொற்று, அடிக்கடி காய்ச்சல், சீழ் வைக்காத புண், ஏறிக்கொண்டே போகும் வெள்ளையணு என்று இருந்தால், "ஒட்டுக் குறைபாடு இருக்குமா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கும். கொடி விழுந்த தேதியையும் அங்கே எழுதி வையுங்கள்.